கயிறு மட்டும் தப்பித்தது

சிறைச்சாலையில் ஒரு கயிறு காணாமல் போனால் எல்லாரும் முதலில் மதிலைத்தான் பார்ப்பார்கள். அன்று காலையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

மூன்றாம் பிளாக்கின் முற்றத்தில், இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே, துணி காயப்போடும் நைலான் கயிறு ஒன்று பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காணவில்லை. கம்பங்கள் இருந்தன. கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த நாலு சட்டைகளும் இருந்தன. யாரோ அவற்றை ஒழுங்காக மடித்து, துவைக்கும் கல்லின்மேல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

விசில் ஊதினார்கள். வார்டர்கள் மதிலைச் சுற்றி ஓடினார்கள். கைதிகளை வரிசையில் உட்காரவைத்து இரண்டு தடவை எண்ணினார்கள். ஒரு தலைகூடக் குறையவில்லை. குறையவில்லையே என்று நிம்மதியாகப் போயிருக்கலாம், ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய மாதிரி ஒவ்வொருவராக எழுந்து தன் பொருளும் காணோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தையல் கூடத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். கழிப்பறை மூலையில் இருந்த பினாயில் பாட்டில். சமையற்கட்டில் வேலை பார்க்கும் கைதியின் ஸ்வெட்டர். வாத்தியாரின் சதுரங்கப் பலகை.

தலைமை வார்டருக்கு மீசையும் பெரிது, கற்பனையும் பெரிது. கயிறு மதில் ஏற, கத்தரிக்கோல் வழியில் யாராவது மறித்தால் காட்ட, பினாயில் மோப்ப நாயின் மூக்கைக் கெடுக்க, ஸ்வெட்டர் வெளியே குளிருக்கு என்று அவர் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார். இந்தச் சிறையில் மோப்ப நாயே கிடையாது என்று ஒருவர் நினைவுபடுத்தினார். சதுரங்கப் பலகை எதற்கு என்று இன்னொருவர் கேட்டார். ஒளிந்திருக்கும்போது பொழுது போகவேண்டாமா என்றார் தலைமை வார்டர்.

பைகளைச் சோதனை போட்டபோது ஸ்வெட்டரும் சதுரங்கப் பலகையும் ஆறாம் செல்லில், டிரைவரின் பையில் கிடைத்தன. டிரைவர் என்று எல்லாரும் கூப்பிடுகிற அவர் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். ஒரு மழைநாளில் அந்த பஸ் கவிழ்ந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். உள்ளே வந்ததிலிருந்து ஒரு வம்பு தும்பு கிடையாது. அவர் பையிலா என்று வார்டர்களே வாயைப் பிளந்தார்கள்.

டிரைவர் மறுக்கவில்லை. ஆமாம், நான்தான் எடுத்தேன் என்றார். கயிறு? அதையும்தான். எங்கே? எங்கேயோ போட்டுவிட்டேன், நினைவில்லை.

திருடன் கிடைத்தான், கயிறு கிடைக்கவில்லை. கயிறு சம்பந்தப்பட்டிருந்தால் வெளியிலிருந்து காவல்துறை வந்து விசாரிக்கவேண்டும் என்பது விதி. அதனால் ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள்.

காலை பத்து மணி.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு இருபது வருஷமாகத் திருட்டு வழக்குகள்தான் சோறு போட்டன. குரலை உயர்த்த மாட்டார். வலது முட்டியில் வலி, அதனால் மாடிப்படிகளைப் பகையாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பார். மற்ற அதிகாரிகள் திருடன் எதை எடுத்தான் என்று கேட்பார்கள். இவர் எதை விட்டுவிட்டுப் போனான் என்று கேட்பார்.

சிறைக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். வயிற்றுப் புண்ணுக்கு மருந்தைக் குடித்துக்கொண்டே பேசினார். டிரைவரை மாலை பூட்டு நேரத்திலிருந்து பதினைந்து நாளைக்கு ஒற்றைக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். தனக்கும் மனசில்லைதான், ஆனால் கயிறு விஷயத்தில் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது என்றார்.

ஒற்றை என்றால் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பின்கட்டில் இருக்கும் தனி அறை அது. ஒரு ஆள், ஒரு கதவு, ஒரு பாய். சண்டை போடுகிறவனைத் தண்டனையாக அங்கே அனுப்புவார்கள். மனசு சரியில்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அவனையும் பாதுகாப்பு என்று அங்கேதான் அனுப்புவார்கள். அதற்கென்று வேறு அறை இல்லை. அவனுக்குக் காவலாக ஒரு வார்டரைப் போடவேண்டும் என்று எழுத்தில் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையில் அது எழுத்தோடு நின்றுவிடும். ராத்திரி பூட்டினால் காலையில்தான் திறப்பார்கள்.

"போன வருஷம் ஒரு சின்னப் பையன்," என்றார் கண்காணிப்பாளர். "பாதுகாப்புக்குன்னுதான் அனுப்பினோம். காலையில கதவைத் திறந்தா..." அவர் மருந்து பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார்.

பூட்டு நேரம் ஆறு மணி. அதுவரை தனக்கு அவகாசம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தார் இன்ஸ்பெக்டர்.

முதலில் சமையற்கட்டு. அங்கே ஸ்வெட்டரைப் பறிகொடுத்த கைதி அண்டா கழுவிக்கொண்டிருந்தான்.

"எப்ப காணாம போச்சு?"

"தெரியலம்மா. நேத்து குளிருச்சு. பையில கைய விட்டேன், இல்ல."

"பை எப்படி இருந்துச்சு?"

"கட்டித்தான் இருந்துச்சு. நான் போடற முடிச்சு மாதிரியே. அதான் சந்தேகமே வரல."

"உள்ள வேற என்ன இருந்துச்சு?"

"ரெண்டு பாக்கெட் சிகரெட்டு."

"அது?"

"அப்படியே இருக்கும்மா."

சிறைக்குள் செல்லுபடியாகிற நாணயம் சிகரெட்தான். அதைக் கொடுத்தால் சோப்பு வரும், சலுகை வரும், சில சமயம் மரியாதைகூட வரும். முழுசாக இரண்டு பாக்கெட்டை விட்டுவிட்டு முழங்கை கிழிந்த ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போகிற திருடனை இன்ஸ்பெக்டர் தன் சர்வீசில் பார்த்ததில்லை. ஸ்வெட்டர் ஏது என்று கேட்டார்.

"டிரைவர் அண்ணன்தான் போன வாரம் குடுத்தாரு. எனக்கு எதுக்குடா இனிமே, நீ போட்டுக்கன்னாரு." அவன் அண்டாவைக் கவிழ்த்தான். "கேட்டிருந்தா நானே திருப்பிக் குடுத்திருப்பேனேம்மா. எதுக்குத் திருடணும்?"

நல்ல கேள்விதான். அதை மனசில் முடிந்துகொண்டு இன்ஸ்பெக்டர் வாத்தியாரிடம் போனார்.

வாத்தியார் மதிப்பெண் சான்றிதழ்களைத் தாராளமாக அச்சடித்துக் கொடுத்ததற்காக உள்ளே வந்தவர். பலகையின் கதையை அவர் பாடம் நடத்துகிற தோரணையில் சொன்னார். அதுவும் டிரைவருடையதுதான். தினமும் சாயங்காலம் டிரைவரும், அவர் செல்லில் கூட இருக்கும் பூனை என்கிற கைதியும் ஆடுவார்கள். ஒருநாள் ஆட்டம் நடுவில் இருக்கும்போதே டிரைவர் காய்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, பலகையையும் மடித்து, வாத்தியாரிடம் கொடுத்துவிட்டார்.

"தோக்கற மாதிரி இருந்தாரா?"

"அதெல்லாம் இல்ல மேடம். இன்னும் நாலு நகர்த்தல்ல ஜெயிச்சிருப்பார். நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டுதானே இருந்தேன்."

டிரைவரைப் பற்றி வாத்தியாருக்கு மெச்சுதல்தான். மேல்முறையீடு தள்ளுபடியானதும் மனுஷர் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. போன வாரத்திலிருந்து ஆளே மாறிவிட்டார். எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறார், பழைய சண்டைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டார் என்று பிளாக் முழுக்கச் சந்தோஷம்.

இன்ஸ்பெக்டர் சந்தோஷப்படவில்லை. ஏன் என்று அவருக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை.

பகல் பன்னிரண்டு மணி.

ஆறாம் செல்லுக்கு வெளியே ஒருவன் துடைப்பத்தின்மேல் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். தலைமை வார்டர் தொண்டையைக் கனைத்தார். விழித்தவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டான்.

"வணக்கம்மா. முட்டி வலி தேவலையா?"

"உன்னைத் துரத்தின முட்டிதானே. எப்படித் தேவலையாகும்?"

அவன்தான் பூனை. பூட்டுக்குப் பிறந்த கை. நடந்தால் தரைக்குத் தெரியாது, அதனால் அந்தப் பெயர். இன்ஸ்பெக்டரே அவனை இரண்டு தடவை பிடித்திருக்கிறார், இரண்டு தடவையும் படாத பாடு பட்டுத்தான். பூனை புகுந்த வீட்டில் பீரோ பூட்டியபடியே இருக்கும், புடவைகள் மடித்தபடியே இருக்கும். வீட்டுக்காரர்களுக்கு ஒரு கல்யாணம் காட்சி என்று நகை தேடும்போதுதான் விஷயமே தெரியவரும். இப்போது அவனுக்கு மூன்றாம் பிளாக் முழுவதும் பெருக்குகிற வேலை. தையல் கூடம், கழிப்பறை, வார்டர்கள் அறை எல்லாம் அவன் துடைப்பத்துக்கு உட்பட்டவை.

தன் துண்டும் காணாமல் போய்விட்டது என்று அவன் முறையிட்டான். குரலில் சோகம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவன் கண்களுக்குக் கீழே மட்டும் உண்மையாகவே கருவளையம் விழுந்திருந்தது. ஒரு வாரமாக இப்படித்தான் பகலெல்லாம் தூங்கி வழிகிறான், சோம்பேறி என்றார் தலைமை வார்டர்.

செல்லுக்குள் இரண்டு படுக்கைகள். பூனையின் போர்வை சுருண்டு கிடந்தது. டிரைவரின் பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, நாளைக்குக் காலி செய்கிற வாடகை வீடு போல. ஜன்னல் வழியே பார்த்தால் நேராகத் துணிக்கயிற்றின் கம்பங்கள். வலதுபக்கம் நடைபாதையின் முடிவில் கழிப்பறை. டிரைவர் தையல் கூடத்தில் வேலை பார்ப்பதாகவும், கத்தரிக்கோல் போனது அவருடைய மெஷினுக்குப் பக்கத்தில் இருந்துதான் என்றும் தலைமை வார்டர் வெற்றியோடு சொன்னார். போன பொருளெல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்றார்.

இன்ஸ்பெக்டர் டிரைவரின் தலையணையைக் கையில் எடுத்துத் திருப்பினார். மூன்று பக்கம் வெள்ளை நூலில் மெஷின் தையல். நாலாவது பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நீல நூலில் கைத்தையல், பொடிப் பொடியாக, வரிசை பிசகாமல். அமுக்கிப் பார்த்தார். பஞ்சைத் தவிர ஒன்றுமில்லை. தலையணையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பிற்பகல் இரண்டு மணி.

பார்வையாளர் அறையில் டிரைவர் எதிரே உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைகள். தேநீரை நிதானமாகக் குடித்தார். திருட்டுக் குற்றத்தில் மாட்டியவர் முகத்தில் ஒரு சலனம்கூட இல்லை.

"ஸ்வெட்டரை எப்படி எடுத்தீங்க?"

"பைய அவிழ்த்து எடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா. அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்."

"கட்டலையா?"

"திருடறவன் நின்னு நிதானமா கட்டிட்டு இருப்பானா?" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"மகள் வந்து பாக்கறாங்களா?"

"வந்துட்டுதான் இருந்தா. இனிமே வரவேண்டாம்னு சொல்லிட்டேன். அவ்வளவு தூரம் பஸ்ல வரணும். பாவம், எதுக்கு அலைச்சல்?"

இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தபடி அடுத்ததைக் கேட்டார். "எல்லாரும் புகார் சொல்றாங்க. உங்க பொருள் எதுவும் காணாம போகலையா?"

டிரைவரின் கை டம்ளர்மேல் நின்றது. அந்தப் பேச்சு முழுவதும் அவரிடம் தெரிந்த ஒரே தடுமாற்றம் அதுதான்.

"இல்லம்மா."

"பதினஞ்சு நாள் ஒற்றை. கஷ்டமா இருக்காதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. தனியா இருக்கலாம். நல்லதுதான்."

அவர் போனபிறகு இன்ஸ்பெக்டர் முற்றத்துக்கு வந்து துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். முட்டியை நீவிக்கொண்டே வெறும் கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர், பலகை, மகள், முடியாத ஆட்டம், நீல நூல். ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. எத்தனையோ களவைக் கண்டுபிடித்திருக்கிறார், பயந்தது இதுதான் முதல் தடவை. மணி ஐந்தாகிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு அந்த மனிதரை ஒற்றையில் விட்டுப் பூட்டப்போகிறார்கள்.

மாலை ஐந்து மணி. கண்காணிப்பாளர் அறை.

மேசைக்குப் பின்னால் கண்காணிப்பாளர், கதவோரம் தலைமை வார்டர், நடுவில் துடைப்பத்தோடு பூனை. துடைப்பத்தை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியும் அவன் வைக்கவில்லை. டிரைவரை வெளியே பெஞ்சில், பக்கத்தில் ஒரு வார்டரோடு உட்காரவைத்திருந்தார்கள்.

திருடன் டிரைவர் இல்லை, இதோ இவன்தான் என்றார் இன்ஸ்பெக்டர்.

பூனை கூரையைப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். ஸ்வெட்டர் போன பை மறுபடி அதே முடிச்சில் கட்டியிருந்தது. கயிறு போன இடத்தில் சட்டைகள் மடித்திருந்தன. எடுத்த இடத்தை இருந்தது போலவே மூடிவைத்துவிட்டுப் போகிற திருடன் இந்த ஊர் முழுக்க ஒருத்தன்தான். டிரைவருக்கோ அந்தப் பையை யாரோ திரும்பக் கட்டியதே தெரியவில்லை. செய்யாத திருட்டை அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"ஆனா இவன் எதுக்கு சிகரெட்டை விட்டுட்டு ஸ்வெட்டரை எடுக்கணும்?" என்றார் கண்காணிப்பாளர்.

"நாம ரெண்டு திருட்டைப் போட்டு ஒண்ணாக் குழப்பிக்கிட்டோம் சார். ஸ்வெட்டரும் பலகையும் ஒரு வகை. ரெண்டும் டிரைவருடையது. அவர் தானமாக் குடுத்தாச்சு. இவன் திருடித் திரும்பவும் அவர் பையிலயே வெச்சான். கயிறு, கத்தரிக்கோல், பினாயில் இன்னொரு வகை. எல்லாம் அவர் கைக்கெட்டற தூரத்துல இருந்ததுன்னு உங்க ஆள் சரியாத்தான் கண்டுபிடிச்சார். அவர் எடுத்தார்னு நினைச்சதுதான் தப்பு. அவர்கிட்ட இருந்து எடுத்திருக்கான்."

கண்காணிப்பாளரின் கை மருந்து பாட்டிலை நோக்கிப் போய் நடுவில் நின்றது.

"ஒரு மாசம் சாப்பிடாதவரு திடீர்னு சிரிக்கிறார். இருக்கற பொருளையெல்லாம் குடுத்துட்டார். ஜெயிக்கற ஆட்டத்தைப் பாதியில மடிச்சுட்டார். பெத்த மகளை வரவேண்டாம்னுட்டார். தேறிட்டார்னு எல்லாரும் சந்தோஷப்பட்டீங்க. தேறின மனுஷன் எதுக்கு சார் ஊருக்குக் கிளம்பற மாதிரி எல்லாத்தையும் ஒழிச்சு வைக்கணும்?"

தலையணை விஷயத்தையும் சொன்னார். அதைப் பிரித்து உள்ளே இருந்த ஒன்றை எடுத்துவிட்டு, நீல நூலால் தைத்து மூடியிருக்கிறது. மூடியது யார் என்று சொல்லவேண்டியதில்லை. பிளாக்கில் இருக்கிற எல்லாரும் காணோம் காணோம் என்று கத்தினார்கள், அதைப் பறிகொடுத்தவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"திருடனுக்குத் தேள் கொட்டின கதைன்னு சொல்வாங்க. இங்க கொட்டு வாங்கினது பறிகொடுத்தவர். அதைத்தான் நாம யாரும் கவனிக்கல," என்று முடித்தார்.

தலையணைக்குள் என்ன இருந்தது என்று பூனை தணிந்த குரலில் சொன்னான். அது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அது எதற்கு என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

கயிறு எங்கே என்று தலைமை வார்டர் கேட்டார், முன்னைப்போல் அதட்டாமல்.

கயிறு, பினாயில், தலையணைச் சரக்கு எல்லாம் குப்பை வண்டியில் வெளியே போய்விட்டன என்றான் பூனை. வார்டர்களே வாசற்கதவைத் திறந்து வழியனுப்பியிருக்கிறார்கள். கைதிகள் எல்லாரும் உள்ளே இருக்க, கயிறு மட்டும் தப்பித்துப் போயிருந்தது. தன் துண்டையும் அவன்தான் குப்பையில் போட்டிருந்தான்.

"கத்தரிக்கோலை அதுல போடல சார். குப்பை அள்றவர் கையக் கிழிச்சுடுமில்ல. அது உங்க மேசை டிராயர்ல இருக்கு."

"என் டிராயர் எப்பவும் பூட்டியில்ல இருக்கும்?" என்றார் தலைமை வார்டர்.

"இப்பவும் பூட்டித்தான் சார் இருக்கு."

வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். கண்காணிப்பாளர் எழுந்து மேசையைச் சுற்றி பூனைக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனையும் தெரிந்தவன் ஏன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார்.

பூனை துடைப்பக்குச்சி ஒன்றை முறித்துக்கொண்டிருந்தான். "சொன்னா ஒற்றைக்கு அனுப்புவீங்க."

"அது பாதுகாப்புக்குடா."

"போன வருஷம் அந்தத் தம்பி என்கிட்டதான் சார் முதல்ல சொன்னான். பயமா இருக்குண்ணேன்னான். நான்தான் வந்து உங்க ஆளுங்ககிட்ட சொன்னேன். நல்லதுன்னு நினைச்சு." அவன் முகத்தில் பல் தெரியவில்லை. "அதான் இந்தத் தடவை எனக்குத் தெரிஞ்ச தொழிலைச் செஞ்சேன். ராத்திரி தூங்காம பாத்துக்கிட்டேன். குடுத்த பொருளைத் திரும்ப வெச்சா மனசு மாறுவார்னு நினைச்சேன். அது இப்படி வந்து விடியும்னு யாரு கண்டா?"

கண்காணிப்பாளர் மேசை விளிம்பில் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

டிரைவர் ஒற்றைக்குப் போக ஆசைப்பட்டார் என்றார் இன்ஸ்பெக்டர். அங்கே ராத்திரி பூட்டினால் காலையில்தான் திறப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், இந்தப் பூனையும் பக்கத்தில் இருக்கமாட்டான். பொய்யாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டது அதற்குத்தான். அவரை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். அவரிடம் இதைப் பற்றி நேராகக் கேட்டுவிடாதீர்கள், இல்லாத நினைப்பைக் கிளறிவிட்டது போல ஆகிவிடும் என்றார். கேட்பதால் அந்த நினைப்பு வருவதில்லை, கேட்காமல் விட்டால்தான் அது வளரும் என்றார் இன்ஸ்பெக்டர்.

டிரைவர் வந்தார். பூனையைப் பார்த்தார், எல்லாம் புரிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேராவே கேக்கறேன். செத்துப்போயிடணும்னு நினைக்கிறீங்களா?"

டிரைவரின் முகத்தில் ஒரு வாரமாக இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அதற்கடியில் இருந்தது மிகவும் களைத்துப்போன ஒரு மனுஷ முகம்.

"ஆமாம்மா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுவரைக்கும் யாரும் கேக்கல," என்றார்.

பிறகு அவர் பேசினார். தூக்கத்தில் தினமும் பிரேக்கை மிதிக்கிறேன், பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்றார். மகளுக்குத் தான் ஒரு பாரம் என்றார். யாரும் குறுக்கே புகுந்து புத்தி சொல்லவில்லை. அழுதபோது தலைமை வார்டர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார், அது அவ்வளவு சுத்தமான கைக்குட்டை இல்லை, டிரைவர் வாங்கிக்கொண்டார்.

ஆறு மணிக்குப் பூட்டுகிற மணி அடித்தது. ஒற்றையின் சாவி ஆணியிலேயே தொங்கியது. மனநல மருத்துவருக்குக் கண்காணிப்பாளரே போன் செய்திருந்தார், இதோ கிளம்பிவிட்டேன் என்று பதில் வந்தது. மகளுக்கும் போன் போயிற்று. நாளைக்கே வருகிறேன் என்று அந்தப் பெண் சொன்னாளாம், வரவேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு என்ன உரிமை என்று திட்டினாளாம். திட்டியதைக் கேட்டு டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இனி உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களைத் தனியாகப் பூட்டுவதில்லை, ஆள் போதவில்லை என்றால் என் நாற்காலியை அங்கே போடுங்கள் என்று கண்காணிப்பாளர் சொன்னார்.

அவர் நாற்காலிக்கு அன்று வேலை வரவில்லை. தலைமை வார்டர் தன்னுடையதையே கொண்டுவந்து ஆறாம் செல்லுக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.

"ராத்திரி நான் பாத்துக்கறேன். நீ படுத்துத் தூங்கு," என்றார் பூனையிடம். அவன் நம்பாமல் பார்த்தான். "தூங்குடா. என் டிராயரைப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்."

பூனை உடனே தூங்கவில்லை. சதுரங்கப் பலகையை விரித்து, விட்டுப்போன ஆட்டத்தை நினைவிலிருந்து அடுக்கினான். கிளம்புமுன் பார்த்துவிட்டுப் போக வந்த இன்ஸ்பெக்டர் கம்பிக்கு வெளியே நின்றார். டிரைவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பலகையைப் பார்க்கவே இல்லை என்றுதான் தோன்றியது. பூனை ஒரு காயைக் கொஞ்சம் யோசித்து, தனக்குத் தோதான ஒரு கட்டத்தில் வைத்தான்.

"டேய்," என்றார் டிரைவர். குரல் கரகரத்தது. "அந்த யானை அங்க இல்ல."

"அங்கதாண்ணே இருந்துச்சு."

"இல்ல. ராணிக்குப் பக்கத்துல இருந்துச்சு. கைய எடுடா, திருட்டுப் பயலே." அவர் எட்டி யானையை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். எடுத்த கையைப் பலகைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டார். "உன் ஆட்டம்தான். நகத்து."

பூனை பலகையின்மேல் குனிந்து யோசிக்க ஆரம்பித்தான். வெகுநேரம் யோசித்தான். அவனுக்கு அவசரமே இல்லை.